குடிப்பவனின் தாய்

தமிழ்க் கதைகளில் குடிகாரர்களுக்குப் பஞ்சம் இல்லை. கூலியைக் கள்ளுக்கடையில் கொட்டிவிட்டு வருகிறவன், சொத்தைக் கரைத்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் மைனர், காதலில் தோற்றுத் தாடி வளர்த்தவன், கடைசி அத்தியாயத்தில் சத்தியம் செய்து திருந்திவிடுகிறவன் என்று பல தினுசு உண்டு. அவர்களுக்கு வாய்த்த மனைவிமார்களும் உண்டு. தாலியைக் கழற்றிக் கொடுத்தவள், அடி வாங்கியவள், குழந்தையைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டவள் என்று அவர்களிலும் பல தினுசு. அபூர்வமாகவே அகப்படுகிறவர்கள் குடிப்பவனைப் பெற்றவர்கள். அவர்கள் வந்தாலும் அழுவதற்கு ஒரு பக்கம், சாவதற்கு ஒரு பக்கம் என்று இரண்டு பக்கங்களில் முடிந்துபோகிறார்கள்.

இதற்குக் காரணம் கதை எழுதுகிறவனுக்குத் தெரியும். மனைவியிடம் கதை இருக்கிறது. அவள் போகலாம், இருக்கலாம், திருத்தலாம், தோற்கலாம். முப்பத்தைந்து வயது மகன் குடிக்கிறான் என்றால் அறுபத்தைந்து வயதுத் தாய் என்ன செய்வாள்? அவனை விவாகரத்துச் செய்ய முடியாது. சின்னப் பையன் என்று நினைத்துக் கட்டிப்போடவும் முடியாது. நேற்று நடந்ததே இன்றும் நடக்கும்; நாளைக்கும் நடக்கும். ராத்திரி பதினோரு மணிக்குக் கதவு தட்டப்படும். திறப்பதா, வேண்டாமா? தினமும் ஒரே கேள்விதான். ஆனால் தினமும் அதற்குப் புதிதாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. சம்பவங்களை அடுக்கிக் கதை கட்டுகிறவனுக்கு இது கைகொடுக்காத விஷயம். காவிரிக் கரையில் எத்தனையோ வீடுகளில் இன்றைக்கு நடக்கிற கதை இதுதான். நம் எழுத்தாளர்களும் சினிமாக்காரர்களும் அந்த வீட்டு வாசல்வரை போனார்களா, போனவர்கள் என்ன பார்த்தார்கள் என்று சற்று யோசித்துப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது.

குடியை எதிர்த்து எழுதியவர்கள் என்றதும் முதலில் நினைவுக்கு வருவது ‘விமோசனம்’. 1929-இல் திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்திலிருந்து ராஜாஜி நடத்திய பத்திரிகை அது. மதுவிலக்குக்காகவே ஒரு பத்திரிகை! அதில் அவருக்குத் துணையாக இருந்தவர் கல்கி. மாயவரத்துக்குப் பக்கத்துப் புத்தமங்கலத்தில் பிறந்தவர். பிரசாரம் என்று சொல்லி அந்த எழுத்தை ஒதுக்கிவிடுவது சுலபம். எனக்கு அந்த எண்ணம் இல்லை. ஆனால் பிரசாரத்துக்கு ஒரு எதிரி வேண்டும். அங்கே எதிரி கள்ளுக்கடை. கடையை மூடினால் வீடு பிழைத்துவிடும் என்பது அதன் நம்பிக்கை. 1937-இல் ராஜாஜியே சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். 1948-இல் அது ராஜதானி முழுவதற்கும் வந்தது. 1971-இல் விலக்கு விலக்கப்பட்டது. பிறகு மூடினார்கள், மறுபடி திறந்தார்கள். 1983-இல் டாஸ்மாக் பிறந்தது. 2003-இல் சில்லறை விற்பனையையும் அதுவே எடுத்துக்கொண்டது. கடையின் சரித்திரம் இது. கடை திறந்திருந்தாலும் மூடியிருந்தாலும், ஏற்கெனவே வீட்டுக்குள் வந்து பாய் விரித்துவிட்ட குடியை என்ன செய்வது? அதற்கு அந்தக் காலத்துக் கதைகளில் விடை இல்லை. விடை சொல்வது அவற்றின் வேலையும் அல்ல.

நம் ஜனங்களின் மனத்தில் குடிகாரனின் உருவத்தைப் பதித்தது பிரசாரம் அல்ல, ‘தேவதாஸ்’. சரத் சந்திரர் 1917-இல் வெளியிட்ட நாவலை வேதாந்தம் ராகவய்யா 1953-இல் படமாக எடுத்தார். நாகேஸ்வர ராவின் சரிந்த தோளும் கண்டசாலாவின் குரலும் சேர்ந்து குடிக்கு ஒரு கௌரவத்தைத் தேடித் தந்துவிட்டன. இன்றும் தாடி வளர்த்து ஒருவன் நின்றால், “என்னடா தேவதாஸ்?” என்றுதான் கேட்கிறோம். சரத் சந்திரரின் நாவலை மறுபடி படிக்கிறபோது என் கண் வேறு ஒரு இடத்தில் நின்றுவிடுகிறது. கலியாணத்தைத் தடுத்த தகப்பனார் இறந்துபோகிறார். தாய் காசிக்குப் போய்விடுகிறாள். அப்புறம் அவளுக்குக் கதையில் வேலை இல்லை. மகன் குடித்துக் குடித்து ஈரல் கெட்டு ரத்தம் கக்குகிறான். கடைசி இரவில் அவன் வண்டி போய் நிற்பது பார்வதியின் வாசலில். அந்த வாசலில் அவன் சாக வேண்டும் என்பதுதான் கதையின் கட்டு. மகன் என்ன சாப்பிட்டான், எங்கே படுத்தான் என்று காசியில் இருந்த கிழவி நினைத்திருக்க மாட்டாளா? நினைத்திருப்பாள். ஆனால் அவளை நினைக்க விட்டால் கதையின் சோகத்திலுள்ள தித்திப்புப் போய்விடும். காதலி அழுதால் அது சங்கீதமாகிறது. தாய் அழுதால் வீடு தெரிந்துவிடுகிறது. சரத் சந்திரர் பெரிய கலைஞர். அது தெரிந்தே தாயைக் காசிக்கு அனுப்பிவிட்டார்.

இந்த விஷயத்தில் எனக்குத் தெரிந்த மிகப் பெரிய கதை கற்பனையில் பிறந்தது அல்ல. நிஜமாக நடந்தது. அதன் ஒரு நுனி தரங்கம்பாடியில் கிடக்கிறது.

தரங்கம்பாடிக்கு வருகிறவர்கள் டேனிஷ்காரர்கள் 1620-இல் கட்டத் தொடங்கிய கோட்டையைப் பார்ப்பார்கள். சீகன்பால்கு தமிழ் அச்சுப் போட்ட ஊர் என்பதைக் கேட்டுக்கொள்வார்கள். கடலைப் பார்த்துவிட்டுப் போவார்கள். பக்கத்திலேயே, நடந்து போகிற தூரத்தில், தில்லையாடி இருக்கிறது. வள்ளியம்மையின் பூர்வீகம் அது. தென்னாப்பிரிக்காவில் பிறந்து, அங்கே சத்தியாக்கிரகத்தில் சிறைக்குப் போய், நோயோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22-ஆம் தேதி பதினாறு வயதில் இறந்துபோன பெண். அந்தப் போரில் காந்தியோடு நின்றவர்களில் இந்தப் பக்கத்துக்காரர்கள் பலர் உண்டு. அதனால்தான் இந்தியாவுக்குத் திரும்பிய சில மாதங்களுக்குள்ளேயே, 1915 ஏப்ரல் முடிவில், அவர் தரங்கம்பாடிக்கும் தில்லையாடிக்கும் வந்தார். ஊர் வரவேற்றது. பெற்ற பெண்ணைப் பறிகொடுத்த ஊருக்கு மரியாதை செலுத்த வந்த தலைவர் என்று நாம் அந்த வருகையை நினைவில் வைத்திருக்கிறோம்.

அந்தத் தலைவரும் ஒரு தகப்பன். அவர் இங்கே வருவதற்கு ஒரு மாதம் முன்பு, 1915 மார்ச்சு 31-ஆம் தேதியிட்டு, அவருடைய மூத்த மகன் ஹரிலால் தகப்பனாருக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதி, அச்சிட்டு, தெரிந்தவர்களுக்கு வழங்கியிருந்தார். எங்களைப் படிக்க வைக்கவில்லை, எங்கள் மனசைக் கேட்கவில்லை என்ற குற்றச்சாட்டுகள் அடங்கிய கடிதம் அது. ஹரிலாலும் தென்னாப்பிரிக்காவில் பல தடவை சிறைக்குப் போனவர்தான். ‘சின்ன காந்தி’ என்று அங்கே அவரை அழைத்தார்கள். வள்ளியம்மைக்கு ஊர் நினைவு மண்டபம் கட்டியிருக்கிறது. சின்ன காந்திக்கு எங்கும் மண்டபம் இல்லை. 1918-இல் இன்ஃப்ளுயன்சாவில் மனைவி இறந்தாள். வியாபாரம் நொடித்தது. கடன் வந்தது, குடி வந்தது. மதம் மாறினார், திரும்பி வந்தார். தகப்பனார் சுடப்பட்டு இறந்த அதே 1948-இல், ஜூன் 18-ஆம் தேதி, பம்பாய் ஆஸ்பத்திரி ஒன்றில் காசநோயால் இறந்தார்.

இந்த வாழ்க்கையைச் சந்துலால் தலால் 1977-இல் குஜராத்தியில் புத்தகமாக எழுதினார். ஹரிலாலின் பேத்தி நீலம் பாரிக் குடும்பத்தின் பார்வையிலிருந்து ஒரு புத்தகம் எழுதினார். தினகர் ஜோஷி நாவல் எழுதினார். பெரோஸ் அப்பாஸ் கான் நாடகமாகப் போட்டு, 2007-இல் ‘காந்தி, மை ஃபாதர்’ என்று படமாகவும் எடுத்தார். தர்ஷன் ஜரிவாலா காந்தி. அக்‌ஷய் கன்னா ஹரிலால். ஷெபாலி ஷா கஸ்தூர்பா. நேர்மையான படம் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. தகப்பனைக் கல்லாக்கவும் இல்லை. மகனை அயோக்கியனாக்கவும் இல்லை. தொடக்கமே நெஞ்சைப் பிடிக்கிறது. அடையாளம் தெரியாத ஒரு நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவருகிறார்கள். தகப்பன் பேர் என்ன என்று கேட்டால் பாபு என்கிறான். அது தேசத்துக்கே தகப்பன் பேர். உன் தகப்பன் பேரைச் சொல் என்று மறுபடி கேட்கிறார்கள். ஒரு வாழ்க்கை முழுவதும் அந்த ஒரு கேள்வியில் இருக்கிறது.

ஆனாலும் படம் முடிந்ததும் எனக்கு ஒரு குறை தங்கிவிட்டது. படம் முழுவதும் ஒரு கோர்ட்டு நடக்கிறது. மகன் வாதி, தகப்பன் பிரதிவாதி. லண்டனுக்குப் பாரிஸ்டர் படிக்க அனுப்பாதது ஒரு சாட்சியம். கலியாணத்தில் வந்த மனஸ்தாபம் ஒரு சாட்சியம். மனைவியின் மரணம் ஒரு சாட்சியம். ஒவ்வொரு சாட்சியத்துக்கும் பிறகு ஒரு பாட்டில் வருகிறது. லண்டனுக்கு அனுப்பியிருந்தால் இவன் குடித்திருக்க மாட்டான் என்ற தீர்ப்போடு ரசிகன் வீட்டுக்குப் போகிறான். அப்படியானால் மணிலால்? ராம்தாஸ்? தேவதாஸ் காந்தி? அதே தகப்பன், அதே கண்டிப்பு, அதே படிப்பில்லாத பால்யம். அவர்கள் ஹரிலால் ஆகவில்லையே! காரணத்தைத் தேடுவது மனித சுபாவம். கதைக்காரனுக்கு அது பிழைப்பும்கூட. ஆனால் குடியில் காரணம் என்பது ஒரு வழுக்குப் பாறை. அதன் மேல் நின்று யாரும் யாரையும் கைதூக்கி விட்டதில்லை.

தரங்கம்பாடியில் எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். அவருடைய மகனுக்கு முப்பத்து நான்கு வயது, வாடகைக்கார் ஓட்டிக்கொண்டிருந்தவன். பொறையாற்றைத் தாண்டி நண்டலாற்றுச் சோதனைச் சாவடியைக் கடந்தால் காரைக்கால். வேறு அரசு, மலிவான சரக்கு. அவனுக்கு அந்தப் பாதை மனப்பாடம். ஆசிரியர் இந்தப் படத்தைப் பார்த்துவிட்டு என்னிடம் பெருமூச்சு விட்டார். “மகாத்மாவாலேயே ஒண்ணும் பண்ண முடியலை. நான் எம்மாத்திரம், சார்?” என்றார். ஆறுதலாகவும் அவர் அதைச் சொல்லவில்லை, அவநம்பிக்கையாகவும் சொல்லவில்லை, இரண்டும் கலந்திருந்தது. உள்ளே அரிசி களைந்துகொண்டிருந்த அவர் மனைவி, “அவர் என்ன பண்ணினார்ங்கறது இருக்கட்டும். அந்தம்மா என்ன பண்ணினாங்கன்னு படத்துல காட்டினாங்களா?” என்று கேட்டார்.

நான் எழுத நினைத்த விமர்சனத்தை அந்த அம்மாள் ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார். ஷெபாலி ஷா பிரமாதமாக நடித்திருக்கிறார். ஆனால் அந்தக் கோர்ட்டில் தாய்க்கு இடம் சாட்சிக்கூண்டில்தான். இரண்டு ஆண்கள் நேற்று நடந்ததைப் பற்றி வழக்காடுகிறார்கள். அவளுக்கோ இன்று ராத்திரியைப் பற்றிக் கவலை. அவளுடைய கேள்வி எந்தக் கோர்ட்டிலும் எடுபடாது.

அவள் என்ன செய்தாள் என்பதற்கு எழுத்தில் சான்று இருக்கிறது. 1936-இல் சென்னையில் நள்ளிரவில் நடுத்தெருவில் குடிபோதையில் கலாட்டா செய்ததாகப் போலீசார் ஹரிலாலைப் பிடித்துப்போனார்கள். மறுநாள் நீதிபதிகள் ஒரு ரூபாய் அபராதம் போட்டு விட்டுவிட்டார்கள். சென்னை சம்பந்தி வீட்டு ஊர் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். ராஜாஜியின் மகள் லக்ஷ்மியைத் தேவதாஸ் காந்தி மணந்து மூன்று வருஷம்தான் ஆகியிருந்தது. பத்திரிகைகளில் செய்தி வந்தது. கஸ்தூர்பா மகனுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் விடுத்தார். பள்ளிப் படிப்பு இல்லாத, அறுபத்தேழு வயதான ஒரு ஸ்திரீயின் கடிதம்.

அதை இலக்கியமாக எடுத்துக்கொண்டு படித்தால், அதற்குள் இரண்டு குரல்கள் மாறி மாறிக் கேட்கின்றன. ஒன்று மானத்தின் குரல். வயதான காலத்தில் எங்களுக்கு இந்தக் கதியா, தகப்பனாருக்குத் தினமும் உன்னைப் பற்றிக் கடிதம் வருகிறதே, வெளியில் தலைகாட்ட முடியவில்லையே, காலையில் பேப்பரில் என்ன வருமோ என்று நடுங்குகிறேனே என்கிறது அது. தகப்பன் மன்னித்தாலும் கடவுள் பொறுக்கமாட்டார் என்றும் பயமுறுத்துகிறது. இன்னொன்று சோற்றின் குரல். நீ எங்கே இருக்கிறாய், எங்கே படுக்கிறாய், என்ன சாப்பிடுகிறாய் என்று நினைத்தால் தூக்கம் வரவில்லை என்கிறது. பார்க்க வேண்டும் போல இருக்கிறது. எங்கே தேடுவது என்று தெரியவில்லை என்கிறது. ஐம்பது வயதை நெருங்கும் மகனிடம் போகவே பயமாக இருக்கிறது, நீ அவமானப்படுத்திவிடுவாயோ என்று ஒப்புக்கொள்கிறது.

முதல் குரல் எல்லா வீட்டிலும் கேட்கிற குரல். நம் கதைகளில் தாய்க்கு எழுதித் தரும் வசனமும் அதுதான். அதனால் குடிகாரன் திருந்தியதாக எனக்குத் தெரியவில்லை. அவமானம் அவனுக்கு ஏற்கெனவே நிறைய இருக்கிறது. அதை மறக்கவும்தான் குடிக்கிறான். ஹரிலாலும் இந்தக் கடிதத்தால் திருந்தவில்லை. இரண்டாவது குரல்தான் அபூர்வமானது. தாய்க்கு மகனிடம் பயம் உண்டு என்பதை நம் நாவல்களில் எத்தனை தாய்கள் வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார்கள்? கோபமும் பயமும், ‘சாப்பிட்டாயா’ என்ற கேள்வியும் ஒரே மூச்சில் வருகின்றன. ஒன்று மற்றொன்றை ரத்து செய்யவில்லை. தொழில் தெரிந்த எழுத்தாளன் இந்தக் கடிதத்தை எழுதியிருந்தால் ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்திருப்பான். ஒன்று அவளைத் தியாகச் சுடராக்கியிருப்பான். அல்லது கதவைச் சாத்திய வீரத்தாயாக்கியிருப்பான். அவள் இரண்டும் இல்லை. அவள் வெறும் தாய்.

தகப்பனாருக்கும் நியாயம் செய்யவேண்டும். 1925-இல் கல்கத்தாவில் ஹரிலால் சம்பந்தப்பட்ட ஒரு கம்பெனியில் பணம் போட்டவர் சார்பில் புகார் வந்தபோது, காந்தி அதை ‘யங் இந்தியா’விலேயே எடுத்து எழுதினார். ஹரிலால் என் மகன்தான். ஆனால் அவன் விவகாரங்களுக்கு நான் பொறுப்பில்லை, என் பேரை நம்பி யாரும் அவனிடம் பணம் கொடுக்கவேண்டாம் என்பது அதன் சாரம். படிக்கிறபோது கல்நெஞ்சமாகத் தோன்றும். ஆனால் மகனின் கடனை அடைத்து, அவன் பொய்க்குச் சாட்சி சொல்லி, அவன் விழுகிற இடத்திலெல்லாம் மெத்தை போடுவது அவனுக்கு உதவி அல்ல, குடிக்கு உதவி என்றுதான் இன்றைய வைத்தியர்களும் சொல்கிறார்கள். செய்தது சரி. அதை ஊருக்கெல்லாம் அச்சுப் போட்டுச் சொன்னதில்தான் தகப்பனைத் தலைவர் மிஞ்சிவிட்டார். கடன் கொடுக்க மறுப்பது வீட்டு விஷயம். அந்த மறுப்பையே உபதேசமாக்கினால் மகனுக்குத் திரும்பி வர வீடு எது?

கட்னி ரயில்வே ஸ்டேஷனில் நடந்ததாகச் சரித்திரக்காரர்கள் எழுதியிருக்கும் ஒரு சம்பவம் உண்டு. காந்தியும் கஸ்தூர்பாவும் போகிற ரயிலுக்குக் கூட்டம் ஜே போடுகிறது. அதற்குள் ஒரு குரல் மட்டும் அன்னை கஸ்தூர்பாவுக்கு ஜே என்கிறது. பார்த்தால் ஹரிலால். கந்தல் உடை, உதிர்ந்த பற்கள். சட்டைப்பையிலிருந்து ஒரு ஆரஞ்சுப் பழத்தை எடுத்துத் தாயிடம் கொடுத்து, உனக்காகக் கொண்டுவந்தேன், நீதான் சாப்பிடவேண்டும் என்கிறார். எனக்கு என்று தகப்பனார் கேட்டபோது, உங்களுக்கு இல்லை. உங்கள் பெருமையெல்லாம் இவளால் வந்தது என்று பதில் சொல்கிறார். எங்களோடு வந்துவிடேன் என்று தாய் கூப்பிடுகிறாள். அந்த எல்லையைத் தாண்டிவிட்டேன் அம்மா என்கிறார். வண்டி நகர்ந்துவிடுகிறது. அப்போதுதான் தாய்க்கு ஞாபகம் வருகிறது: தன் கூடையில் பழம் இருந்தது, பசியோடு நின்ற பிள்ளைக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. எடுத்து நீட்டுவதற்குள் பிளாட்பாரம் பின்னால் போய்விட்டது.

அந்த ஆரஞ்சை எல்லோரும் சொல்கிறார்கள். எனக்குப் பெரிதாகப் படுவது அந்தக் கூடைதான். குடிப்பவனைப் பெற்றவர்களின் வாழ்க்கை முழுவதும் அந்தக் கூடையில் இருக்கிறது. கொடுக்க இருக்கிறது, கொடுக்கும் நேரம் தெரியவில்லை. கேட்கும்போது கொடுத்தால் அது பாட்டிலாகிறது. கொடுக்க நினைக்கும்போது அவன் இல்லை.

தரங்கம்பாடிக்காரர்களுக்குப் பாதிரியார் வீடு என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. அப்படி ஒரு வீட்டில், இங்கிலாந்தில் ஹாவர்த் என்ற ஊரில், இன்னொரு தகப்பன் இருந்தார். பாட்ரிக் பிரான்டே. சார்லட், எமிலி, ஆன் என்ற மூன்று நாவலாசிரியைகளைப் பெற்றவர். பிரான்வெல் என்ற ஒரே மகன் சாராயத்துக்கும் அபினுக்கும் அடிமை. ஒரு தடவை அவன் படுக்கையே தீப்பிடித்தது. எழுபது வயதுக் கிழவர் அதன்பின் மகனைத் தன் அறையிலேயே தன்னோடு படுக்க வைத்துக்கொண்டார். உளறலும் மிரட்டலுமாக விடியும் இரவுகள். அந்தக் கிழவர் தம்மால் ஆனதைச் செய்கிறார் என்று மகனே காலையில் சொன்னதாக 1857-இல் சார்லட்டின் சரித்திரத்தை எழுதிய எலிசபெத் காஸ்கெல் சொல்கிறார். பிரான்வெல் 1848 செப்டம்பரில் முப்பத்தொரு வயதில் இறந்தான். அதே வருஷம் ஆன் ஒரு நாவலில் குடிகாரக் கணவனைப் படைத்தார்; அவன் மனைவி கதவைச் சாத்துகிற சத்தம் இன்றும் கேட்கிறது. ஆனால் மூன்று மேதைகள் இருந்த அந்த வீட்டில், அடுத்த அறையில் கண் விழித்துப் படுத்திருந்த தகப்பனைப் பற்றி ஒருவரும் நாவல் எழுதவில்லை. கதை கணவனிடம் இருக்கிறது. தகப்பனிடம் இல்லை என்ற பழைய எண்ணம் அங்கேயும்தான்.

வைத்தியம் இன்று நிறைய தூரம் வந்திருக்கிறது. நம் கதைகள்தான் இன்னும் கற்பூரத்திலேயே நிற்கின்றன. கோயிலில் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்தால் குடிகாரன் மறுநாள் முதல் உத்தமனாகிவிடுகிறான். பல வருஷம் குடித்த உடம்பு திடீரென்று நிறுத்தினால் கை நடுங்கும், வலிப்பு வரும், இல்லாதவை கண்ணுக்குத் தெரியும். உயிருக்கே ஆபத்து உண்டு. முதலில் தேவை டாக்டர். சத்தியம் அப்புறம். நின்ற பிறகும் மறுபடி விழுவான். அப்படி விழுவது வியாதியின் சுபாவம். தாய்க்குச் செய்த துரோகம் அல்ல. இதை அறியாத எழுத்தாளன் மகன் இரண்டாவது தடவை குடித்ததும் தாயைக் கிணற்றில் தள்ளிவிடுகிறான்.

1935-இல் அமெரிக்காவில் குடிகாரர்களே சேர்ந்து ஒருவருக்கொருவர் துணையாக ஒரு சங்கம் வைத்தார்கள். 1951-இல் அவர்கள் வீட்டாருக்கென்று தனியாக ஒன்று வந்தது. அங்கே பெற்றவர்களுக்கு முதலில் சொல்லித்தருவது இது: இந்த வியாதியை நீங்கள் உண்டாக்கவில்லை, உங்களால் அடக்கவும் முடியாது, உங்களால் குணப்படுத்தவும் முடியாது. கேட்கக் கசப்பாக இருக்கும். தினமும் ராத்திரி தன்னையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிக்கொள்ளும் ஒரு தாய்க்கு அது விடுதலைப் பத்திரம். சென்னையில் சாந்தி ரங்கநாதன், குடியால் கணவரை இழந்த இளம் வயதில், 1980-இல் டி.டி.கே. ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். குடிப்பவரோடு குடும்பத்துக்கும் சேர்த்துச் சிகிச்சை என்பது அங்கே ஏற்பாடு. நம் டெல்டாவில் மஞ்சக்குடிக் கிராமத்திலேயே முகாம் போட்டு, ஊராரையும் வீட்டாரையும் துணை சேர்த்துக்கொண்டு அவர்கள் வைத்தியம் செய்தார்கள். அதைப் பற்றி அவர் 1994-இல் ஒரு வைத்திய இதழில் கட்டுரையும் எழுதினார். பட்டணத்துக்குப் போக வழியில்லாதவனுக்கு ஊர்த் திண்ணையிலேயே வைத்தியம். நாவலாசிரியர்கள் பார்க்கத் தவறிய வாசலில் ஒரு பெண்மணி போய் நின்றுவிட்டார் என்று எனக்குத் தோன்றியது.

ஆசிரியர் வீட்டு அம்மாள் இந்தச் சங்கங்களைப் பற்றிக் கேள்விப்பட்டவர் அல்ல. ஆனால் அவர் வீட்டில் சில ஏற்பாடுகள் இருக்கின்றன. பீரோச் சாவி அவர் மடியைவிட்டு இறங்குவதில்லை. கடன் கொடுத்தவர்கள் வந்தால், “அவன்கிட்டயே கேளுங்க, தம்பி” என்று திண்ணையோடு அனுப்பிவிடுவார். காரின் உரிமையாளருக்குப் போன் செய்து மகனுக்கு ஜுரம் என்று பொய் சொல்வதை நிறுத்திவிட்டார். அதனால் மகனுக்கு வேலையும் போயிற்று. குடித்துவிட்டு வந்தால் பேச்சு கிடையாது. எந்தப் பேச்சானாலும் மறுநாள் காலையில்தான். ஆனால் அடுக்களையில் ஒரு தட்டுச் சோறு மூடி வைத்திருக்கும். ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று வாரத்தில் ஒரு நாள், அவன் தெளிந்திருக்கும்போது, கேட்பார். நான் பார்த்தபோது ஒரு தடவை போய்விட்டு வந்து, நாலு மாதம் இருந்து, மறுபடி விழுந்திருந்தான். மறுபடி கேட்க ஆரம்பித்திருந்தார். கஸ்தூர்பாவின் கடிதத்தில் இருந்த மானத்தின் குரலை ஒதுக்கிவிட்டுச் சோற்றின் குரலை மட்டும் வைத்துக்கொள்ள ஒரு பெண்மணி தானாகவே கற்றுக்கொண்டிருக்கிறார் என்றே சொல்லுவேன்.

இது கெட்டிக்காரத்தனத்தால் வெற்றி காணும் விஷயம் என்று நான் சொல்ல வரவில்லை. கஸ்தூர்பா தோற்றுத்தான் போனார். 1944-இல் பூனாவில் ஆகாகான் மாளிகைச் சிறையில் அவர் சாகக் கிடந்தபோது, மூத்த மகனைப் பார்க்கவேண்டும் என்று ஆசைப்பட்டார். தேடிப் பிடித்து அழைத்து வந்தார்கள். அவன் குடித்துவிட்டு வந்து நின்றான். தாய் நெற்றியில் அடித்துக்கொண்டார். அவனை அப்புறப்படுத்தினார்கள். மறுநாள், பிப்ரவரி 22-ஆம் தேதி, அவர் உயிர் பிரிந்தது. வள்ளியம்மை இறந்த அதே தேதி. முப்பது வருஷம் கழித்து. தேதிகள் ஒன்றாக வருவதற்கு அர்த்தம் எதுவும் கிடையாது. ஆனால் வள்ளியம்மை தினத்தன்று தில்லையாடியில் மாலை போடுகிறபோது எனக்கு அந்தத் தாயின் ஞாபகமும் வருகிறது. பெருமை தேடித் தந்த பிள்ளைக்காக அழுவதற்கு ஊரே துணைக்கு வருகிறது. மற்றப் பிள்ளைக்காகத் தாய் தனியாகத்தான் அழவேண்டியிருக்கிறது.

அந்தத் தனிமைக்கு இலக்கியம் துணை போகவேண்டும் என்பது என் ஆசை. யார் குற்றம் என்று கேட்கிற கதைகள் போதும்; அவற்றில் நல்லவையும் வந்துவிட்டன. யாரும் திருந்தாத, யாரும் சாகாத, ஒரே வீட்டில் முந்நூற்று அறுபத்தைந்து இரவுகள் நடக்கிற ஒரு தமிழ் நாவலை யாராவது எழுதவேண்டும். அதில் சம்பவங்கள் குறைவாக இருக்கும். கதவு தட்டப்படும், சில நாள் திறக்கும், சில நாள் திறக்காது. திறந்த நாளும் திறக்காத நாளும் இரண்டுமே அன்புதான் என்று படிக்கிறவனுக்குப் புரியவைக்க முடிந்தால், அதை எழுதியவரைப் பெரிய நாவலாசிரியர் என்று நான் தயங்காமல் சொல்லுவேன்.